டிராக்டர் 'டாப்பெட்' இடைவெளி: ரிப்பேருக்குப் பின் மறக்கக் கூடாத வேலை

நமது சங்கத்தின் பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த அன்பர் ஒருவர், நான் டிராக்டர் பழுது பார்க்கும் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்று தெரிந்ததும் ஒரு செய்தி சொன்னார். மன்னார்குடிப் பக்கத்தில் அவருடைய அண்ணன் மாஸி பர்கூசன் 1035 டிராக்டர் வைத்திருக்கிறார். மார்கழியில் ஹெட் கேஸ்கட் போய்விட்டதால் ஹெட்டைக் கழற்றி, வால்வுகளையும் தேய்த்து, புதுக் கேஸ்கட் போட்டிருக்கிறார்கள்.

"முன்பெல்லாம் எஞ்சினில் டிக் டிக் என்று ஒரு சத்தம் இருக்கும் சார். இப்போது அது துளிக்கூட இல்லை. மெக்கானிக் நல்ல கைகாரர் என்று அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். காலையில் ஸ்டார்ட் ஆவதற்குத்தான் கொஞ்சம் தகராறு பண்ணுகிறது" என்றார்.

எனக்குப் பாயசம் இறங்கவில்லை. இலையை மடிக்கும் முன்பே, "டாப்பெட்டைத் திறந்து பார்க்கும் வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்று அண்ணனுக்கு இன்றே போன் செய்யுங்கள்" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நம்மில் பலருக்கு ஊரில் கொஞ்சம் நிலமும், அதைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனோ சித்தப்பாவோ இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும்.

டாப்பெட் இடைவெளி என்றால் என்ன?

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வால்வுகள். ஒன்று காற்றை உள்ளே விடுவது, மற்றொன்று புகையை வெளியே விடுவது. கீழே கேம் ஷாப்ட் சுழன்று புஷ் ராடை மேலே தள்ளும். புஷ் ராடு, ராக்கர் என்னும் சிறு நெம்புகோலின் ஒரு முனையைத் தூக்கும். ராக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். நம் ஊர் ஏற்றம் போலத்தான். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும்.

வால்வு மூடியிருக்கும்போது, ராக்கர் முனைக்கும் வால்வின் தலைக்கும் நடுவே சிறிது இடம் விட வேண்டும். இதைத்தான் டாப்பெட் இடைவெளி என்கிறோம். எஞ்சின் சூடானால் வால்வின் தண்டு நீளும். நீளுவதற்கு இடமில்லாவிட்டால், ராக்கரே வால்வை முழுதும் மூடவிடாமல் தடுத்துவிடும்.

இடைவெளி அதிகமானால் டிக் டிக் சத்தம் கூடும், வால்வு தாமதமாகவும் குறைவாகவும் திறக்கும், இழுவை குறையும். இது காதுக்குத் தெரியும் கோளாறு. இடைவெளி குறைந்தாலோ சத்தம் வராது. ஆனால் வால்வு சரியாக மூடாததால் கம்ப்ரஷன் கசியும், காலையில் ஸ்டார்ட் ஆகாது. அதைவிடப் பெரிய கேடு புகை வால்வுக்கு. அந்த வால்வு தன் சூட்டில் பெரும் பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் தான் அமரும் சீட் வழியாகத்தான் இறக்குகிறது. சரியாக அமரவில்லையென்றால் சூடு இறங்க வழியில்லை, ஓரம் எரிந்துபோகும். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் 1000 முறை திறந்து மூடுகிறது. எனவே எரிந்துபோக அதிக நாள் ஆகாது.

ரிப்பேருக்குப் பின் ஏன் மாறுகிறது?

இரண்டு காரணங்கள். வால்வையும் சீட்டையும் தேய்த்தால் வால்வு ஹெட்டுக்குள் சற்று ஆழமாகப் போய் அமரும். அதன் தண்டு அந்த அளவுக்கு மேலே வந்து ராக்கரை நெருங்கும். இது ஒன்று. இரண்டாவது, ஹெட் நட்டுகளை முறுக்க முறுக்கக் கேஸ்கட் நசுங்கி, ஹெட் கீழே இறங்கும். ராக்கர் ஹெட்டின் மேல் இருக்கிறது. புஷ் ராடோ கீழே பிளாக்கிலிருந்து வருகிறது. ஹெட் இறங்கினால் புஷ் ராடு ராக்கரைக் கூடுதலாகத் தூக்கும். இடைவெளி குறையும்.

ஆகவே, ஹெட்டை முறுக்கிய பின்தான் டாப்பெட் வைக்க வேண்டும். ஹெட்டை எப்போது மறுபடி முறுக்கினாலும் டாப்பெட்டை மறுபடி பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தை நான் கற்றுக்கொண்டது ஒரு பெரியவரின் செலவில்.

1978 நவம்பர். லூதியானாவில் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது. பஞ்சாபில் நெல் அறுத்ததும் கோதுமை விதைக்க வேண்டும். நடுவில் கிடைப்பது சில வாரங்களே. நவம்பர் பாதி தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். அந்த நேரத்தில் ஒரு சர்தார்ஜி தம் மாஸியைக் கொண்டு வந்தார். சென்னை டாஃபே கம்பெனி வண்டி, சிம்சன் எஞ்சின். நம் ஊர் வண்டியாயிற்றே என்று நானே முன்வந்து வேலையை ஏற்றுக்கொண்டேன். கேஸ்கட் மாற்றினேன், டாப்பெட் வைத்தேன். மறுநாள் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, விதிப்படி ஹெட்டை மறுபடி முறுக்கினேன். டாப்பெட்டை மட்டும் திரும்பப் பார்க்கவில்லை. நேற்றுத்தானே வைத்தோம் என்ற எண்ணம். எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எட்டாம் நாள் டிராக்டரை இன்னொரு டிராக்டர் இழுத்து வந்தது. இரண்டாம் சிலிண்டரின் புகை வால்வு எரிந்திருந்தது. எங்கள் உஸ்தாத் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஃபீலர் கேஜை என் கையில் கொடுத்து மற்ற டாப்பெட்டுகளை அளக்கச் சொன்னார். அதிலிருந்த மிக மெல்லிய தகடுகூட ஒன்றிரண்டில் நுழையவில்லை. நான்கு நாள் விதைப்பு நின்றுபோன அந்தப் பெரியவர், "பரவாயில்லை புத்தர், அடுத்தவன் வண்டியில் இப்படிச் செய்யாதே" என்றார். பஞ்சாபியில் 'புத்தர்' என்றால் மகன். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வேறொருவர் நினைவுக்கு வருவார். அன்று அந்தப் பொறுமைக்கு இரண்டு பொருளும் பொருந்தியது.

செய்முறை

கீழே சொல்வது இந்த 3 சிலிண்டர் எஞ்சினுக்கு. இதன் அளவு இரண்டு வால்வுக்கும் ஒன்றே: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.30 மி.மீ., அதாவது 12 தௌ; சூடாக இருக்கும்போது 0.25 மி.மீ., 10 தௌ. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண வெள்ளைத் தாள் மூன்றை அடுக்கினால் ஏறக்குறைய 0.30 வரும். ஆனால் தாள் நசுங்கும். அதை வைத்து அளக்காதீர்கள். வேறு வண்டிகளில் அளவு மாறும். சிலவற்றில் புகை வால்வுக்குத் தனி அளவு உண்டு. வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ளதே சரி.

1. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை நிறுத்தும் நாப்பை இழுத்தே வையுங்கள். பாட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். கையால் சுற்றும்போதும் டீசல் எஞ்சின் பற்றிக்கொள்ளக் கூடும்.

2. ஹெட் நட்டுகளைப் புத்தகத்தில் உள்ள வரிசைப்படி டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள்.

3. எஞ்சின் ஓடும் திசையிலேயே கிராங்க் புல்லியை ஸ்பேனரால் சுற்றுங்கள். முதல் சிலிண்டரின் காற்று வால்வு கீழே போய் மேலே வந்து மூடிய பிறகு, பிஸ்டன் உச்சிக்கு வரும் குறி வரை சுற்றி நிறுத்துங்கள். அப்போது அந்த சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்கும்.

4. லாக் நட்டைத் தளர்த்தி, 0.30 தகட்டை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விட்டு, திருகைச் சரிசெய்யுங்கள். தகடு லேசான பிடிப்போடு நழுவ வேண்டும்.

5. திருகை ஸ்குரூ டிரைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை முறுக்குங்கள். முறுக்கும்போது அளவு மாறுவது சகஜம். எனவே தகட்டை மறுபடி விட்டுப் பாருங்கள். 0.25 தாராளமாகப் போக வேண்டும், 0.35 போகக் கூடாது.

6. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் 1, 2, 3 என்ற வரிசையில் எரிகின்றன. ஆகவே மூன்றில் இரண்டு பங்கு சுற்று சுற்றினால் இரண்டாம் சிலிண்டர் தயார். அதே அளவு மறுபடி சுற்றினால் மூன்றாவது.

7. எஞ்சினை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுங்கள். மறுபடி முறுக்கச் சொல்லும் கேஸ்கட்டானால் ஹெட்டை முறுக்குங்கள். பிறகு ஆறு டாப்பெட்டுகளையும் திரும்ப அளந்து சரிசெய்யுங்கள். சூடாக அளந்தால் சூட்டு அளவு, குளிர்ந்த பின் அளந்தால் குளிர் அளவு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த ஏழாவது வேலையைத்தான் அன்று நான் விட்டேன். மாலை நேரம், வாடிக்கையாளர் காத்திருக்கிறார், எஞ்சினும் ஓடுகிறது என்றால் இன்றும் பல இடங்களில் விட்டுப்போவது இதுதான். பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர், "டாப்பெட்டைத் திரும்பப் பார்த்தாயா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

பொங்கல் கழிந்து பத்தாம் நாள் அந்த அன்பர் போன் செய்தார். ஊரில் திறந்து பார்த்ததில் ஆறில் நான்கு டாப்பெட்டுகள் இறுகியிருந்தனவாம். நல்ல வேளையாக எந்த வால்வும் எரியவில்லை. அளவு வைத்ததும் வண்டி முதல் முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆகிறதாம்.

"ஆனால் சார், அந்த டிக் டிக் சத்தம் திரும்ப வந்துவிட்டது என்று அண்ணன் குறைப்படுகிறார்" என்றார்.

லேசாகக் கேட்கிறதா, பலமாகக் கேட்கிறதா என்று விசாரித்தேன். காது கொடுத்தால்தான் தெரிகிறது என்றார். "அது இருக்கட்டும், அண்ணன் நிம்மதியாக உழட்டும்" என்று சொல்லி வைத்தேன்.