வெள்ளிக்கிழமை கட்டினோமா... கட்டுறோமா?

ஒரே ஒரு வினைச்சொல்லால் ஒரு நல்ல மனுஷரைப் பொய்யராக்கிய பெருமை எனக்கு உண்டு. சண்டை போட்டு இல்லை ஸார், ரொம்ப மரியாதையாக மெயில் அனுப்பி!

2019-ல் ஆபீஸில் என்னை ஆறு மாசத்துக்கு மெக்ஸிகோவுக்கு அனுப்பினார்கள். குவாதலஹாரா என்ற ஊர். ஹாலிஸ்கோ மாநிலத்தின் தலைநகரம். வேலை என்னவோ அதே வேலைதான். பில் வந்தால் சரிபார்த்துப் பணம் அனுப்புகிற அக்கவுன்ட்ஸ் உத்தியோகம். ஆனால் பில்லுக்கு உரியவர்கள் பேசுவது ஸ்பானிஷ்.

"இங்கிலீஷ் எழுத்துதானே? எழுத்துக்கூட்டிப் படிச்சா வந்துடும்டா" என்று ஏர்போர்ட்டில் தைரியம் சொன்னான் நண்பன். படிக்க வந்தது. வினைச்சொல்லில்தான் வண்டி நின்றது!

ஸ்பானிஷ் வினைச்சொற்கள் எல்லாம் மூன்றே ஜாதி. 'ஆர்' என்று முடிவது, 'ஏர்' என்று முடிவது, 'ஈர்' என்று முடிவது. அப்லார் என்றால் பேசுவது, கொமேர் என்றால் சாப்பிடுவது, பிவீர் என்றால் வாழ்வது. அந்த வாலை நறுக்கிவிட்டு வேறு வால் ஒட்டினால் யார், எப்போது என்று இரண்டும் தெரிந்துவிடும். ஆப்லோ - பேசுகிறேன். ஆப்லாஸ் - பேசுகிறாய். அப்லாமோஸ் - பேசுகிறோம். ஆப்லான் - பேசுகிறார்கள்.

'அட, இது நம்ம விகுதி சமாசாரமாச்சே!' என்று எனக்கு ஒரே குஷி. நாமும் 'பேசுகிறேன்' என்றால் போதும், 'நான்' வேண்டாம். அவர்களும் அப்படியே. இன்னும் கேளுங்கள். 'பேசிக்கொண்டிருந்தோம்' என்பதற்கு 'அப்லாபமோஸ்'. பிரித்தால் அப்லா + ப + மோஸ். பகுதி, இடைநிலை, விகுதி! எட்டாம் வகுப்பில் தமிழ் ஐயாவிடம் பகுபத உறுப்பிலக்கணத்துக்காக வாங்கிய குட்டு, மெக்ஸிகோவில் வந்து பலன் கொடுத்தது.

கர்வம் வந்தால் அடுத்தது என்ன வரும்? சறுக்கல்தான்.

எங்கள் ஆபீஸுக்கு மேஜை, நாற்காலி செய்து கொடுத்தவர் டோனலாவைச் சேர்ந்த ஒரு பெரியவர். குவாதலஹாராவை ஒட்டியே இருக்கிற ஊர், கைவினைப் பொருட்களுக்குப் பேர் போனது. அங்கே கைத்தொழில்காரரை 'மாஎஸ்த்ரோ' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நம்ம ஊர் மேஸ்திரி மாதிரியே காதில் விழும். அவர் என்னை 'லிசென்சியாதோ' என்பார். பட்டம் படித்தவரே என்று அர்த்தம். படித்த லட்சணத்தைத்தான் பார்க்கப் போகிறீர்களே!

38,400 பெஸோ பாக்கி. எப்போது கிடைக்கும் என்று கேட்டு ஒரு திங்கட்கிழமை மெயில் போட்டார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை பணம் போகிறது. நான் மனசுக்குள் தமிழில், 'வெள்ளிக்கிழமை குடுக்கறோம்' என்று நினைத்தேன். அதை அப்படியே ஸ்பானிஷில் தட்டினேன்: 'பகாமோஸ் எல் பியேர்னெஸ்.' பகார் என்றால் பணம் கட்டுவது. பகாமோஸ், கட்டுகிறோம். இலக்கணம் சுத்தம். அனுப்பிவிட்டு காபி சாப்பிடப் போய்விட்டேன்.

புதன்கிழமை மாஎஸ்த்ரோ நேரிலேயே வந்துவிட்டார். தொப்பி கையில், முகம் தொங்கிப் போயிருந்தது.

"லிசென்சியாதோ, ரெண்டு நாளா பாங்குக்கு நடக்கிறேன். பணம் வரலைங்கறாங்க. நீங்க போன வெள்ளிக்கிழமையே கட்டிட்டதா எழுதியிருக்கீங்க..."

"நானா? இந்த வெள்ளிக்கிழமைதானே எழுதினேன்?"

பக்கத்து ஸீட் அம்மணி என் மெயிலை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். 'ஆர்' ஜாதியில் 'நாங்கள்' என்று வரும்போது நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒரே உருவம். பகாமோஸ் என்றால் கட்டுகிறோம், பகாமோஸ் என்றால் கட்டினோம்! 'ஈர்' ஜாதியிலும் இதே கூத்து. பிவீமோஸ் என்றால் வாழ்கிறோம், வாழ்ந்தோம் இரண்டும்தான். 'ஏர்' மட்டும் யோக்கியம். கொமேமோஸ் சாப்பிடுகிறோம், கொமீமோஸ் சாப்பிட்டோம். போதாக்குறைக்கு 'எல் பியேர்னெஸ்' என்றால் வெறும் 'வெள்ளிக்கிழமை'. போனதா, வரப்போவதா என்று அதுவும் வாயைத் திறக்காது!

"சரி, சின்னத் தப்புதானே" என்று அசடு வழிந்தேன்.

சின்னத் தப்பில்லை ஸார். மனுஷர் என் மெயிலையே மரக்கடைக்காரரிடம் காட்டி, "பணம் வந்தாச்சு, நாளைக்குப் பழைய பாக்கியைத் தீர்க்கறேன்" என்று சொல்லி மேற்கொண்டு கடனுக்கு மரம் எடுத்துவிட்டார். நாளை போய், மறுநாளும் வந்தாச்சு. மரக்கடைக்காரர் அத்தனை பேர் எதிரில், "நீ பொய் சொல்றே" என்று சொல்லிவிட்டாராம். இருபது வருஷ வாடிக்கை. அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எனக்கு மெக்ஸிகோ மொத்தமும் காலுக்குக் கீழே நழுவினாற்போல இருந்தது.

"வாங்க, நானே வந்து சொல்றேன்" என்று அவர் வண்டியில் ஏறிவிட்டேன்.

வழியில் ஒரு பட்டறையைக் காட்டி, "மி பாத்ரே த்ரபஹாபா அகீ" என்றார். 'என் அப்பா இங்கே வேலை செய்தார்' என்று புரிந்தது. பேச்சை வளர்க்கலாமே என்று, "இப்போ எங்கே வேலை செய்யறார்?" என்றேன். அவர் பேசவில்லை. வலது கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மேலே காட்டினார்.

அன்றைக்குத்தான் இரண்டு இறந்தகாலத்துக்கும் வித்தியாசம் உறைத்தது. 'த்ரபஹோ' என்றால் வேலை செய்தார், காரியம் முடிந்தது, அவ்வளவுதான். 'த்ரபஹாபா' என்றால் தினம் தினம் செய்துகொண்டிருந்தார், அது ஒரு காலம் என்று அர்த்தம். நாமும், "அப்பா இருந்தப்போ ஞாயித்துக்கிழமை ஆனா பக்கோடா வாங்கிட்டு வருவார்" என்போமே, அந்த 'வருவார்' தொனி. 'ஆர்' வினைக்கு 'ஆபா', மற்ற இரண்டுக்கும் 'ஈயா'. இந்தக் காலத்தில் அடங்காப்பிடாரி வினைகள் மொத்த ஸ்பானிஷுக்கும் மூன்றே மூன்றுதான்: இருப்பது, போவது, பார்ப்பது. கற்றுக்கொள்ள இதுதான் சுலபம். கேட்கத்தான் சில சமயம் கஷ்டம்.

மரக்கடை வந்தது. வழியெல்லாம் அம்மணி சொல்லிக் கொடுத்த எதிர்காலத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்திருந்தேன். எதிர்காலத்தில் வாலை நறுக்கவே வேண்டாம், முழு வினைச்சொல்லின் பின்னால் ஒட்டவேண்டியதுதான். மூன்று ஜாதிக்கும் ஒரே ஒட்டு: ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், ஆன். பகார் + ஏமோஸ், பகரேமோஸ்!

"ஸென்யோர், இவர் பொய் சொல்லலை. தப்பா எழுதினது நான். பகரேமோஸ் எல் பியேர்னெஸ். ப-க-ரே-மோஸ்!" என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொன்னேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மாஎஸ்த்ரோவின் மொபைலை வாங்கி மெயிலை மறுபடி படித்தார். பிறகு பெரிதாகச் சிரித்துவிட்டு, மாஎஸ்த்ரோவின் தோளில் கை போட்டு ஏதோ சொன்னார். வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. மாஎஸ்த்ரோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அது புரிந்தது.

கொலம்பஸ் கப்பல் ஏறிய அதே 1492-ல்தான், சாலமன்காவில் நெப்ரிஹா என்ற பண்டிதர் காஸ்டிலிய மொழிக்கு இலக்கணம் அச்சிட்டு வெளியிட்டார். அதற்கப்புறம் 500 வருஷத்துக்கு மேல் ஆகியும், 'பகாமோஸ்' விஷயத்தில் யாரும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்பது அடியேனின் வருத்தம். ஸ்பானிஷ் ஆபீஸ்களுக்குக் கடிதம் எழுதும் நண்பர்களே, 'நாங்கள்' என்று எழுதும்போது தேதியையும் சேர்த்துப் போடுங்கள். கட்டிவிட்டீர்கள் என்றால் முன்னால் ஒரு 'யா' சேருங்கள். 'யா பகாமோஸ்' என்றால் ஏற்கெனவே கட்டியாச்சு.

இன்னொன்று, எழுத்தின் தலைமேல் போடுகிற குட்டிக் கோட்டை அலட்சியம் பண்ணாதீர்கள். 'பாகோ' என்று முன்னால் அழுத்தினால் நான் கட்டுகிறேன். கடைசி எழுத்தில் கோடு போட்டு 'பகோ' என்று பின்னால் அழுத்தினால் அவர் கட்டினார். கோட்டை விட்டால் கடன் உங்கள் தலையில்!

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பணம் போனதும், 'யா பகாமோஸ்' என்று தேதி, மணி எல்லாம் போட்டு மாஎஸ்த்ரோவுக்கு மெயில் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. ஒரே வார்த்தை: 'கொப்ரே.' வாங்கிட்டேன்!

கடைசி எழுத்தின் மேல் கோடு இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தேன். கோடு இல்லாவிட்டால் அதற்கு 'செம்பு' என்று அர்த்தம்.

இருந்தது.