பழசை அசைபோட ஓர் ஆங்கிலச் சொல்!

பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒரு பழைய போட்டோவைப் போட்டுவிட்டால் போதும். 'அந்தக் கணக்கு வாத்தியாரை ஞாபகம் இருக்கா?' என்று ஆரம்பித்து, அடுத்த ஒரு மணி நேரம் யாருக்கும் வேலை ஓடாது. இப்படிப் பழசைப் பேசி ரசிப்பதற்கு ஆங்கிலத்தில் தனியாக ஒரு வினைச்சொல் உண்டு: 'ரெமினிஸ்'. சொல்லும்போது கடைசி 'னிஸ்'ஸை அழுத்த வேண்டும்.

'ரிமம்பர்' இருக்கும்போது இது எதற்கு? ஏடிஎம் பின் நம்பரும், கேஸ் புக் பண்ண வேண்டும் என்பதும் 'ரிமம்பர்' கணக்கில் வரும். அவற்றை ரெமினிஸ் செய்ய முடியாது. நடந்து முடிந்ததை, பெரும்பாலும் இனிமையோடு, ஆற அமர நினைப்பதும் பேசுவதும்தான் ரெமினிஸ்.

தமிழில் இதற்குப் பொருத்தமான சொல் 'அசைபோடுதல்'. ஆங்கிலத்திலும் மாடு அசைபோடுவதற்கு 'ரூமினேட்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால், உளவியலில் அது ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப நினைத்து மருகுவதைக் குறிக்கிறது. நம் அசைபோடுதலில் இருக்கும் சுவை அதில் இல்லை!

ரெமினிஸின் பூர்வீகம் லத்தீன். 'ரெ' என்றால் மீண்டும். அடுத்து வருவது 'நினைத்தல்' என்ற பொருள்கொண்ட பழைய வேர். 'மைண்ட்', 'மென்டல்' எல்லாம் அதே வேரில் முளைத்தவை. சம்ஸ்கிருத 'மனஸ்' கூட அப்படித்தான். அதிலிருந்து வந்ததே நாம் சொல்லும் மனம். ஆக, ரெமினிஸ் நமக்கும் தூரத்துச் சொந்தம்.

இதில் ஒரு வேடிக்கை. 'ரெமினிசென்ஸ்' என்ற பெயர்ச்சொல் 16-ம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. அதன் வாலை நறுக்கி உருவாக்கிய வினைச்சொல் எழுத்தில் தென்படுவதோ 1829-ல்தான். 'எடிட்டர்' முதலில் வந்து, அதிலிருந்து 'எடிட்' பிறந்ததும் இப்படியே.

வீட்டில் தாத்தா பாட்டி பழங்கதை பேசினால், 'வயசாயிடுச்சு, சொன்னதையே சொல்றாங்க' என்கிறோம். மருத்துவ உலகிலும் ஒரு காலத்தில் அதை மூளைத் தளர்ச்சியின் அடையாளமாகப் பார்த்தவர்கள் உண்டு. 1963-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் இதை மறுத்து எழுதினார். முடிவு நெருங்குவதை உணரும் மனம், வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்கைச் சரிசெய்துகொள்வது இயல்பு என்றார். சிலருக்கு அது குற்ற உணர்வையும் மனச்சோர்வையும் கிளறலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இன்று மறதிநோய் உள்ளவர்களிடம் பழைய படங்களையும் பாட்டுகளையும் கொடுத்துப் பேச வைக்கும் 'ரெமினிசென்ஸ் தெரபி' பல நாடுகளில் நடக்கிறது. நோயை அது குணப்படுத்தாது. சிலருக்கு மனநிலை கொஞ்சம் தெளிகிறது.

வயதானவர்கள் அதிகம் சொல்வது, 10 முதல் 30 வயதுக்குள் நடந்த கதைகளாகவே இருக்கும் என்கின்றன ஆய்வுகள். அதனால், பாட்டி தன் கல்யாணக் கதையை நூறாவது முறை ஆரம்பித்தால், 'தெரியும் பாட்டி' என்று வெட்டாதீர்கள். 'அன்னைக்குப் பந்தியில என்ன பாயசம் போட்டாங்க?' என்று கேட்டுப் பாருங்கள். இதுவரை சொல்லாத ஒன்று வெளியே வரலாம்.