உஷார்! மேசையில் நிற்கும் உள்ளி எண்ணெய்ப் போத்தல்

இந்த விடுமுறைக்குள் இத்தாலிச் சமையல் பழகப் போய்வந்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இதை வாசித்து முடிக்க முதல் எழும்பிக் குசினி மேசையைப் பாருங்கள். எண்ணெய்க்குள் உள்ளிப் பற்கள் கிடக்கிற போத்தல், எண்ணெயில் அமிழ்ந்த கத்தரிக்காய்த் துண்டு, பச்சையாக அரைத்து மேலே எண்ணெய் ஊற்றிய பெஸ்டோ. இதில் ஏதாவது ஒன்று பிரிட்ஜுக்கு வெளியே சில நாளாக நிற்கிறதென்றால் அதில் இனி ஒரு கரண்டிகூட எடுக்க வேண்டாம். மணந்து பார்த்துத் தீர்மானிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். இது மணத்தில் பிடிபடுகிற சாமான் இல்லை.

ஆடி, ஆவணி என்றால் வடமராட்சிக்குப் புலம்பெயர்ந்த உறவுகள் வந்து இறங்கும் காலம். நல்லூர்த் திருவிழா, சந்நிதித் திருவிழா, நடுவில் ஒரு கலியாணம். இத்தாலியில் இருந்து வருகிறவர்களும் குறைவில்லை. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ஈழத்தமிழர் பல்லாண்டுகளாக வாழ்கிறார்கள். அந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு நம்முடைய சைவச் சனமும் நேர்த்தி வைத்து ஏறுகிறது. அப்படிப்பட்டவர்கள் அந்த ஊர்ச் சமையலையும் பழகி வந்திருப்பதில் புதினம் என்ன? வீட்டு மேசையிலேயே நாலைந்து பேரைக் கூட்டி வைத்துச் சமைக்கப் பழக்குவது இத்தாலியில் இப்போது பெரிய தொழில். 2004ஆம் ஆண்டு பொலோஞ்ஞா நகரில் தொடங்கிய ‘செசரினே’ என்ற வீட்டுச் சமையற்காரர் அமைப்பு நாடு முழுக்கப் பரந்திருக்கிறது. உடுப்பிட்டி வீடொன்றில் மருமகள் மாமியாருக்கும் அயலட்டைப் பெண்களுக்கும் ரவியோலி உருட்டப் பழக்குவது அதே சங்கதியின் ஊர்ப் பதிப்பு. சந்தோசம்தான். சுடச்சுடச் செய்து, அங்கேயே இருந்து சாப்பிட்டு எழும்பும் மட்டும் பயப்பட ஒன்றும் இல்லை.

பயம் வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுக்கிற போத்தலில்தான் இருக்கிறது.

“மாமி, இதைக் கொண்டுபோய் மேசையில வையுங்கோ. மேல எண்ணெய் நிக்குதுதானே, ஒரு மாசத்துக்குப் பழுதாகாது.”

இந்த ஒரு வசனத்தைத்தான் நான் வெட்டச் சொல்கிறேன். மாமியும் தலையாட்டுவார், ஏனென்றால் அவருக்கும் அதே நம்பிக்கை. நம்முடைய தேசிக்காய் ஊறுகாய் மாதக்கணக்கில் நிற்கிறது, மேலே நல்லெண்ணெய் மிதக்கிறது, ஆகவே எண்ணெய்தான் காக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டோம். ஊறுகாயைக் காப்பது அதில் கொட்டுகிற உப்பும், தேசிக்காயின் புளியும், வெயிலில் காயவைத்து ஈரம் போக்கியதும். எண்ணெய் கடைசியாக வந்து சேர்கிற ஆள். உப்பும் புளியும் இல்லாத ஒன்றின் மேல் எண்ணெயை ஊற்றினால் அது காவலன் இல்லை, காற்றுப் புகாமல் அடைத்த அறை.

காற்றில்லாத அந்த அறைக்குள்தான் குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி உயிர்க்கும். அதன் வித்துகள் மண்ணில் எங்கும் உண்டு. உள்ளி மண்ணுக்குள் விளைவது. எவ்வளவு கழுவினாலும் தோலிடுக்கில் சில வித்துகள் ஒட்டிக்கொண்டு வரும். காற்றுப் படும் இடத்தில் அவை தூங்கிக் கிடக்கும், ஆருக்கும் தீங்கில்லை. எண்ணெய்க்குள் அமிழ்த்தினால் காற்று அறும். உள்ளியில் ஈரம் உண்டு, புளிப்பு இல்லை. அதற்கு மேல் நம்முடைய மேசைச் சூடு. கிட்டத்தட்ட 30 பாகை செல்சியஸ் என்பது இந்தக் கிருமிக்கு நல்ல வளர்த்தியான வெப்பம். இத்தாலியின் குளிர்காலக் குசினியில் ஒரு கிழமை தப்புகிற போத்தல் உடுப்பிட்டியில் தப்ப வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. வித்து முளைத்துக் கக்குகிற நஞ்சு, மனிதர் அறிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியது. பெரும்பாலும் நிறம் மாறாது, நாறாது, நுரைக்காமலும் இருக்கும்.

எண்ணெயைக் கொதிக்க வைத்துத்தானே உள்ளியைப் போட்டோம் என்பார்கள். கொதிக்கிற தண்ணீரின் சூடு நஞ்சை அழிக்கும், வித்தை அழிக்காது. வித்துச் சாக 121 பாகை வேண்டும். அது பிரஷர் வைத்து அடைக்கிற தொழிற்சாலை வேலை. எண்ணெய் அந்தச் சூட்டைத் தாண்டினாலும், மெல்லிய நெருப்பில் வேகும் உள்ளிப் பல்லின் உட்புறம் தன் ஈரம் வற்றும்வரை நூறைத் தாண்டாது.

கற்பனை என்று நினைப்பவர்களுக்கு: 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நஞ்சு ஏறியது. காரணம், குளிரூட்டாமல் வைத்திருந்த, சோயா எண்ணெயில் போட்ட நறுக்கிய உள்ளி. அதில் இன்னுமொரு கொடுமை, கிட்டத்தட்ட ஆறு கிழமையாக ஆருக்கும் காரணம் பிடிபடவில்லை. பலருக்கு வைத்தியர்கள் வேறு நரம்பு நோய் என்றார்கள், சிலருக்குப் பக்கவாதம், சிலருக்கு மனநோய் என்றுகூடச் சொன்னார்கள். 2023 செப்டெம்பரில் பிரான்சின் போர்தோ நகரில் ஒரு மதுச்சாலை உரிமையாளர் தானே போத்தலில் அடைத்த மத்தி மீனைச் சாப்பிட்டுப் பலர் விழுந்தார்கள், ஒருவர் இறந்தார். 2025 ஆகஸ்டில் இத்தாலியின் கலாப்ரியாவில் தெருவோர வண்டியில் வாங்கிய சாண்ட்விச் உயிர்களைக் கொண்டுபோனது. ஐரோப்பாவில் இந்த நோய் கூடுதலாகப் பதிவாகிற நாடுகளில் இத்தாலி முன்னணியில் நிற்கிறது, பெரும்பாலும் வீட்டில் அடைத்த போத்தல்களால். அவர்களுடைய தேசிய சுகாதார நிறுவனமே வீட்டுப் போத்தல் அடைப்புக்கென்று கையேடு போட்டிருக்கிறது. அந்த ஊர்ப் பாட்டிமாருக்கே கையேடு தேவைப்படுகிறதென்றால் பாருங்கள்.

கத்தரிக்காய் விசயத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருநெல்வேலிச் சந்தைக் கத்தரிக்காயைக் கண்டதும் எல்லாருக்கும் அந்த ஆசை வரும். இத்தாலியர் கத்தரிக்காயை நீட்டாக அரிந்து, உப்புப் போட்டுப் பாரம் வைத்துத் தண்ணீரைப் பிழிந்து, கொதிக்கிற வினாகிரியில் அவித்தெடுத்து, துணியில் உலர்த்திய பிறகுதான் எண்ணெயில் போடுவார்கள். அந்த வினாகிரிதான் உயிர்ப்பாதுகாப்பு. நம்மவர்கள் முதலில் கழற்றி விடுவதும் அதைத்தான். “சரியாப் புளிக்குது, பிள்ளையள் சாப்பிடாதுகள்” என்று வினாகிரியைப் பாதியாக்கித் தண்ணீர் கலப்பார்கள், அல்லது பொரித்த கத்தரிக்காயை அப்படியே எண்ணெயில் தள்ளுவார்கள். குறிப்பில் இருக்கிற வினாகிரியில் கை வைக்கிறவரிடம் போத்தல் வாங்க வேண்டாம், அவர் சொந்த மச்சாளாக இருந்தாலும்.

உள்ளி எண்ணெய் வேண்டுமென்றால் அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே முடியுங்கள். மிஞ்சினால் நாலு பாகைக்கு மேற்படாத பிரிட்ஜில், நாலு நாளுக்குள். பெஸ்டோவைச் சின்னச் சின்னப் பங்காக உறைய வைக்கலாம். நம்முடைய பிரிட்ஜ் கரண்டை நம்பி இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிற்கவில்லையா? இப்போது அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் மழைக்காற்று ஒருமுறை அடித்தால் இரவிரவாக இருட்டு.

இதே கரண்ட் கதைதான் திரமிசு என்ற இத்தாலி இனிப்புக்கும். அதிலே போடுகிற மஸ்கார்போனே என்ற ஆடைக்கட்டி 1996இல் இத்தாலியிலேயே எட்டு இளம் ஆட்களுக்கு இந்த நஞ்சைக் கொடுத்தது. வீட்டில் செய்த திரமிசு சாப்பிட்டவர்களும் அதில் இருந்தார்கள். ஒரு பிள்ளை இறந்தது. கடையில் குளிர்ச் சங்கிலி அறுந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். கொழும்பில் வாங்கி இரவு பஸ்ஸில் பையோடு வருகிற மஸ்கார்போனேயின் குளிர்ச் சங்கிலியைப் பற்றி நான் என்ன சொல்ல!

திரமிசுவுக்குள் போகும் பச்சை முட்டை வேறு ஒரு தொல்லை. ஊர்க்கோழி முட்டை என்றால் சுத்தம் என்று ஒரு பெருமை நமக்கு. சல்மனெல்லாக் கிருமிக்கு ஊர்க்கோழி, பண்ணைக்கோழி என்ற பேதம் தெரியாது. மஞ்சட்கருவையும் சீனியையும் கொதிதண்ணீருக்கு மேல் வைத்து 70 பாகை தாண்டும்வரை அடித்துச் சூடாக்கினால் பயமில்லை. அப்படிச் செய்யாத திரமிசுவைக் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வயசு போனவர்களுக்கும் நீட்டாதீர்கள்.

   

இனி வடமராட்சிக்காரர் கட்டாயம் மனதில் வைக்க வேண்டிய ஒன்று. போத்தலில் ஊறும் அந்தப் பொட்டுலினம் நஞ்சு பெரும்பாலும் 12 முதல் 36 மணித்தியாலத்தில் வேலையைக் காட்டும், சிலருக்குச் சில நாள் பிந்தும். கண் இமை கீழே சரியும், ஒன்று இரண்டாகத் தெரியும், நாக்குத் தடிக்கும், விழுங்க ஏலாது, பிறகு கை கால் சோர்ந்து மூச்சுத் தசைவரை இறங்கும். காய்ச்சல் இராது. புத்தி தெளிவாக இருக்கும். இதே கோலம் நமக்கு நன்றாகத் தெரிந்த இன்னொன்றின் கோலம்: எட்டடி விரியன் கடி. இரவில் நிலத்தில் படுத்தவருக்கு நோவே தெரியாமல் கடித்துவிட்டுப் போகும், விடிய இமை சரியும், வயிற்றுக்குள் நோகும். ஆகவே மந்திகை ஆஸ்பத்திரிக்கு இமை சரிந்த ஓர் ஆளைக் கொண்டுபோனால் பாம்பைச் சந்தேகிப்பது வைத்தியரின் பிழை ஆகாது. அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்: கடந்த சில நாளுக்குள் என்ன போத்தலில் இருந்து என்ன சாப்பிட்டார், கூடச் சாப்பிட்டவர்கள் ஆர் ஆர், அவர்களுக்கு எப்படி இருக்கிறது. இதற்கான நஞ்சுமுறி வேறு, பாம்புக்குப் போடுவது இதற்குச் சரிவராது. பிந்தப் பிந்த மூச்சுக் கருவியில் கிடக்கும் நாள்கள்தான் கூடும். ஓட்டோவுக்கு அலையாமல் அம்புலன்ஸ் இலக்கம் 1990க்கு அடியுங்கள். விழுங்க முடியாதவருக்குத் தேசிக்காய்த் தண்ணி, கசாயம் என்று வாயில் ஊற்ற வேண்டாம்.

மேசையில் நிற்கிற அந்தப் போத்தலை என்ன செய்வது? ஆருக்காவது வருத்தம் வந்திருந்தால் மூடியை இறுக்கி, பையில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் (பி.எச்.ஐ.) அறிவியுங்கள். வருத்தம் ஒன்றும் இல்லையென்றால் திறக்காமல் இரண்டு பை போட்டுக் கட்டிக் குப்பைக்கு. ஒலிவ் எண்ணெய் விற்கிற விலைக்கு மனம் கேளாது, உள்ளியை மட்டும் எடுத்தெறிந்துவிட்டு எண்ணெயைப் பொரிக்க வைப்பம் என்று தோன்றும். அதுவும் கூடாது. கொல்லைப்பக்கம் வீசவும் கூடாது. கோழிக்கும் இதே நஞ்சு ஏறும், கழுத்துத் துவண்டு சாகும்.