நீள்வளையச் சமன்பாடும் அதன் இயல்புகளும்

25ய² + 9ர² − 50ய + 36ர − 164 = 0 எனுஞ் சமன்பாட்டிலிருந்து வளையியின் வடிவம் நேரே புலப்படுவதில்லை. ய, ர உறுப்புக்களைத் தனித்தனியே நிறைவர்க்கமாக்கின் அது 25(ய − 1)² + 9(ர + 2)² = 225 ஆகும்; 225 ஆல் வகுக்க, (ய − 1)²/9 + (ர + 2)²/25 = 1 எனப் பெறுவோம். மையம் (1, −2). பெரிய பகுதியெண் ர உறுப்பின் கீழிருத்தலால் பேரச்சு நிலைக்குத்தானது. ய இன் கீழுள்ளதே பேரச்சைத் தருமென மனனஞ் செய்த மாணவர் இடறுவது இங்கேதான். அரைப்பேரச்சு 5, அரைச்சிற்றச்சு 3. 25 − 9 = 16 ஆதலின் குவியங்கள் மையத்திலிருந்து 4 அலகு தூரத்தில், (1, 2), (1, −6) ஆகிய புள்ளிகளில் அமையும். மையவகற்சித்திறன் 4/5.

இவற்றுள் மையவகற்சித்திறனே கூடிய கவனத்துக்குரியது. செவ்வாயின் ஒழுக்குக்கு அது ஏறத்தாழ 0.093. அதன் வர்க்கம் 0.009 அளவினதே, எனவே சிற்றச்சு பேரச்சிலும் நூற்றுக்கு அரைப் பங்குகூடக் குறைவதில்லை. தாளில் வரைந்தால் வட்டமென்றே தோன்றும். (பாடநூற் படங்கள் கோளொழுக்கை முட்டைபோல் நீட்டிவிடுகின்றன.) ஆயின் குவியத்திலுள்ள சூரியனோ மையத்திலிருந்து அரைப்பேரச்சின் 9 வீதத்துக்கு மேல் விலகி நிற்கின்றது. வட்ட ஒழுக்கு மாதிரி தைக்கோ பிராகியின் அவதானங்களோடு 8 கலை முரண்பட்டபோது, கெப்ளர் அதனை அவதானப் பிழையென ஒதுக்காது வட்டத்தையே கைவிட்டார். 1609 இல் வெளியான அவரது நூலில் நீள்வளையம் அவ்விடத்தைப் பெற்றது.