உள்ளங்கை மோட்டார்... ஒரு நாள் கூலி!

செங்கம் பக்கம் புது வீடு கட்டுகிற இடத்தில் கொஞ்சம் காது கொடுங்கள். 'டுர்ர்ர்...' என்றால் டிரில் மெஷின். 'க்ரீச்ச்ச்...' என்றால் கட்டிங் மெஷின். திடீரென்று சத்தம் நின்று தீய்ந்த வாசனை வந்தால்? ஆசாரியின் அன்றைய கூலியில் துண்டு என்று அர்த்தம்!

புகைந்தது ஆர்மெச்சூர். கிணற்று மோட்டாருக்கு இது தூரத்துச் சொந்தம். நம்ம 50 சைக்கிள் கரன்ட்டில் கிணற்று மோட்டார் நிமிஷத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டாது. டிரில்லுக்குள் இருக்கும் 'யுனிவர்சல் மோட்டார்' 20,000-ஐயும் அலட்சியமாகத் தாண்டும். சின்ன உடம்பில் அத்தனை பவர் வருவது அந்த வேகத்தால்தான்.

மோட்டார் நமக்குப் புதுசில்லை. 1937-லேயே கோவையில் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டு மோட்டாரைச் செய்து காட்டிவிட்டார்கள். பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டாரை வைத்து ஷேவிங் ரேசரே செய்தவர் ஜி.டி.நாயுடு!

சரி, ஆர்மெச்சூர் எப்படிப் பிறக்கிறது? சுமார் அரை மில்லிமீட்டர் கனமுள்ள சிலிக்கான் எஃகுத் தகடுகளைப் பூப்போல வெட்டி, தோசை மாதிரி அடுக்குகிறார்கள். ஒரே கட்டி இரும்பாக இருந்தால் உள்ளுக்குள்ளேயே கரன்ட் சுழன்று சூடாகிவிடும். நடுவில் இரும்புத் தண்டு. பள்ளங்களில் காப்புத் தாள் வைத்து, இனாமல் பூசிய செம்புக் கம்பியை மெஷின் சுற்றுகிறது. கம்பி முனைகள் கம்யூட்டேட்டரின் செம்புக் கட்டைகளில் இணைகின்றன. பிறகு சொட்டுச் சொட்டாக வார்னிஷ் ஊற்றிச் சூட்டில் இறுக வைக்கிறார்கள். இல்லாவிட்டால் அந்த வேகத்தில் கம்பி பிய்த்துக்கொண்டு போய்விடும்! கடைசியில் பேலன்ஸிங். எடை கூடின பக்கத்தில் இரும்பைத் துளி சீவிவிடுவார்கள்.

இத்தனையும் எதற்கு? முக்கால்வாசி, சூட்டோடு சண்டை போடத்தான். மோட்டாரைக் குளிர வைக்கும் ஃபேனும் அதே தண்டில்தான் சுற்றுகிறது. 'சீக்கிரம் முடியட்டும்' என்று மெஷினை அழுத்தினால் வேகம் குறையும், கரன்ட் கூடும், காற்றும் குறையும். அப்புறம் வார்னிஷ் என்ன செய்யும், பாவம்!

ஆகவே ஞாயிற்றுக்கிழமை சுவரில் காலண்டர் மாட்டக் கிளம்பும் ஆபீஸ் இளைஞர்களே! மெஷினைப் பிடித்தால் போதும், அமுக்க வேண்டாம். காற்றுத் துளையில் தூசி அடைத்திருந்தால் ஊதி விடுங்கள். தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை உடனே மாற்றுங்கள். சின்னத் துண்டுதான். ஆனால், தேய்ந்து போனதைக் கவனிக்காமல் விட்டால், பொறி பறந்து கம்யூட்டேட்டரையே தின்றுவிடும்.

அப்புறம் ஆர்மெச்சூருக்கு வைண்டிங் கடையைத் தேட வேண்டும். காலண்டரில் தேதி மட்டும் போய்க்கொண்டே இருக்கும்!