சுணங்கிப் போச்சு

யாழ்ப்பாணத்தாருக்குச் சுணக்கம் அன்றாடம் வாயில் வரும் சொல். "ஏன் பிள்ளை சுணங்கினனீ?" என்று தாய் கேட்பாள். பஸ் சுணங்கும், சமையல் சுணங்கும், கலியாணப் பேச்சும் சுணங்கும். "சுணங்கிப் போச்சு" என்று சொல்லிவிட்டால் யாரால் சுணங்கியது என்ற கேள்வியே எழாது. காரியம் தன்பாட்டில் பிந்தியது போலிருக்கும். பஸ்சைத் தவறவிட்டவரும் படிவத்தை மூன்று மாதம் மேசையில் போட்டு வைத்தவரும் ஊரில் இந்த ஒரே பதிலோடு தப்பிவிடலாம்.

(சங்க இலக்கியத்தில் வரும் சுணங்கு வேறு. அது பெண்களின் மேனியில் படரும் தேமல். இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.)

எழுத்தில் நாம் பாவிக்கும் தாமதம் வடமொழி வழியாக வந்தது. சைவ நூல்கள் சொல்லும் முக்குணங்களில் ஒன்றான தாமத குணம், அதாவது இருளும் மந்தமுமான குணமே அதன் வேர். வள்ளுவர் கையாண்ட சொல் நெடுநீர். விரைந்து செய்ய வேண்டியதை நீட்டிக்கொண்டே போகும் இயல்பு என்று அதற்குப் பொருள். மடியின்மை அதிகாரத்தில் சோம்பலையும் மறதியையும் தூக்கத்தையும் அதனோடு சேர்த்துச் சொன்னாலும், நான்கையும் தனித்தனியாகவே எண்ணுகிறார். பிந்துவதற்கெல்லாம் சோம்பல்தான் காரணம் என்று அவர் நினைக்கவில்லைப் போலும்.

எங்கள் பேச்சில் சுணக்கத்துக்கு நெருங்கிய உறவுக்காரர் இருவர் உண்டு. ஒன்று மினக்கேடு. வினைகெடு என்பதன் திரிபு, வேலை கெடுவது. "மினக்கெடாமல் வா" என்றால் வழியில் நேரத்தை வீணாக்காமல் வா என்பது. மற்றது ஆறுதல். "ஆறுதலாய் வாங்கோ" என்றால் அவசரப்படாமல் வாருங்கள். தமிழ்நாட்டில் இவை வேறு பொருள் தரும். அங்கே மெனக்கெடுவது சிரமமெடுத்து ஒரு காரியத்தைச் செய்வது. ஆறுதல் என்பது துக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லும் தேற்றம். சுணக்கம் என்றால் பெரும்பாலும் தொய்வு, மந்தம்.

ஹோம் ஒபீஸ் நேர்காணலில் இந்த வேறுபாடு சிறிய விஷயமல்ல. மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டவராக இருக்கலாம். "வந்த உடனே ஏன் தஞ்சம் கேட்கவில்லை?" என்ற கேள்விக்கு, "ஆறுதலாய்க் கேப்பம் எண்டு இருந்தன், சுணங்கிப் போச்சு" என்று ஒருவர் பதில் சொன்னால், அது ஆங்கிலத்தில் எந்த உருவத்தில் பதிவாகும்? அலட்சியமாக இருந்தார் என்று பதிவானாலும் வியப்பில்லை. ஏஜென்சிக்காரன் ஒரு வீட்டில் வைத்திருந்து கடவுச்சீட்டையும் பறித்துக்கொண்டான் என்பதுதான் உண்மையான காரணமாக இருக்கும். அதைச் சொல்லாமல் சுணங்கிப் போச்சு என்று முடித்துவிட்டால் கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

இந்த நாட்டுச் சட்டத்தில் பிந்துதல் ஒரு குற்றம் போலவே வந்து சேர்ந்தது. 2002ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு 2003 ஜனவரி 8 முதல் நடைமுறைக்கு வந்தபோது, நாட்டுக்குள் வந்த பின்னர் இயன்றளவு விரைவாகத் தஞ்சம் கேட்காதவருக்கு உணவும் உறைவிடமும் மறுக்கப்பட்டன. பலர் தெருவில் படுத்தார்கள். அங்கோலாவிலிருந்து வந்த லிம்புவேலா என்பவரும் வேறு இருவரும் தொடுத்த வழக்கு பிரபுக்கள் சபைவரை போனது. ஒருவருக்கு வேலை செய்யவும் உரிமையில்லை, உதவியும் இல்லை என்று தெருவில் விடுவது மனிதத்தன்மையற்ற நடத்துகை ஆகலாம் என்று 2005 நவம்பர் 3இல் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அதற்கிடையில் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு வேறொரு வழியில் வந்துவிட்டது. பிடிபட்ட பிறகு தஞ்சம் கேட்டால், அதற்கு முன்னர் கேட்க நியாயமான வாய்ப்பு இருக்கவில்லை என்று காட்டாதவரின் நம்பகத்தன்மை அதனால் பாதிக்கப்படும்.

ஆகவே காரணத்தை முழுதாகச் சொல்லுங்கள். சுகவீனமா, பயமா, யாராவது தடுத்தார்களா, ஆங்கிலம் தெரியாததாலா? நாள், மாதம் நினைவிருந்தால் அதையும் சொல்லுங்கள். நேர்காணலின் தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளரை விளங்குகிறதா என்று கேட்பார்கள். மரியாதைக்காக "ஓம்" என்று தலையாட்டுவது எம்மவர் வழக்கம். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்றே சொல்லலாம், அதில் அவமரியாதை எதுவுமில்லை. பின்னர் நேர்காணல் பதிவின் பிரதி கிடைத்ததும், வீட்டில் ஆங்கிலம் வாசிக்கக்கூடிய ஒருவரோடு இருந்து பார்த்து, பிழை இருந்தால் உடனே சொலிசிற்றருக்கு அறிவியுங்கள்.

கடிதங்களின் கதை இன்னொன்று. தஞ்சக் கோரிக்கை மறுக்கப்பட்டு இங்கிருந்தபடியே மேன்முறையீடு செய்பவருக்கு 2014ஆம் ஆண்டு விதிகள் தந்த காலம் 14 நாட்கள். கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து அது எண்ணப்படும், நீங்கள் உறையைத் திறந்த நாளிலிருந்து அல்ல. "சனிக்கிழமை தம்பி வந்து வாசிக்கட்டும்" என்று அலுமாரிக்கு மேல் வைத்த கடிதம் அப்படியே ஒரு வாரத்தைத் தின்றுவிடும். காலம் கடந்தால் நீடிப்புக் கேட்கலாம். ஆனால் அங்கும் காரணம் எழுத வேண்டும். உங்கள் கடிதத்தில் எந்தக் கெடு எழுதியிருக்கிறது என்பதையே முதலில் பாருங்கள்.

அவர்கள் பக்கத்துச் சுணக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 2006 ஜூலையில் உள்துறை அமைச்சர் ஜோன் றீட், தீர்க்கப்படாமல் 400,000 முதல் 450,000 வரையான கோவைகள் கிடக்கின்றன என்று அறிவித்து, ஐந்து வருடத்துள் முடிப்போம் என்றார். அவற்றுள் எம்மவர் கோவைகளும் இருந்தன. முதற் கடிதம் வந்தபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை, முடிவு வந்தபோது பள்ளிக்கூடச் சீருடையில் நின்றது. அதற்கு அதிகாரிகள் இட்ட பெயர் கோவைத் தேக்கம். அப்படிக் காத்திருக்கும் காலத்தில் வீடு மாறினால் புதிய முகவரியை ஹோம் ஒபீசுக்கும் சொலிசிற்றருக்கும், இருவருக்குமே, எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கள்.