எழுத்து அறியாதவருக்கும் வழி சொன்ன கல்

வடமாலபேட்டை –

சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு வரும் பஸ்கள் வடமாலபேட்டையைக் கடந்துதான் செல்ல வேண்டும். ரோட்டோரத்தில் மஞ்சள் தலையுடன் கிலோமீட்டர் கற்கள் நிற்கின்றன. மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. புரட்டாசியில் பாதயாத்திரை வரும் பக்தர்களுக்கு இந்தக் கற்கள்தான் துணை. "இன்னும் எத்தனை கல்?" என்று கேட்டுக்கொண்டே நடப்பார்கள்.

இந்தச் சாலைக்கு நெடுங்காலம் 205 என்பது எண். 2010-ல் நாடு முழுவதும் நெடுஞ்சாலை எண்களை மாற்றியபோது அது 716 ஆயிற்று. அதற்கு வெகு முன்பே மைல் போய்க் கிலோமீட்டர் வந்துவிட்டது. ஆனாலும் ஜனங்கள் வாயில் அது இன்றும் மைல்கல்தான்!

எல்லையும் மாறியது. 1953-ல் ஆந்திரா தனி ராஜ்யமானபோது சித்தூர் மாவட்டம் அங்கே போயிற்று. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது; நகரியும் புத்தூரும் வடமாலபேட்டையும் ஆந்திராவிலேயே நின்றன. ஒரே சாலையில் திருத்தணிப் பக்கம் தமிழ் எழுத்து, புத்தூர்ப் பக்கம் தெலுங்கு எழுத்து. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமானதும் வடமாலபேட்டை அதில் சேர்ந்தது.

குழிக் கணக்கு

பிழைக்க வந்த தமிழருக்குத் தெலுங்குப் பேச்சு ஆறு மாதத்தில் வந்துவிடும். எழுத்துதான் சுலபத்தில் வராது. கல்லில் ஊர்ப் பெயர் புரியாமல், எண்ணை மட்டும் பார்த்துச் சமாளிப்பவர்கள் பலர்.

இந்தச் சங்கடத்துக்கு 13-ம் நூற்றாண்டிலேயே வழி கண்டிருக்கிறார்கள். தர்மபுரி வட்டாரத்தில் 'அதியமான் பெருவழி' என்று பெயர் பொறித்த இரண்டு கற்கள் கிடைத்துள்ளன. நாவற்தாவளம் என்ற இடத்துக்கு ஒன்றில் 27 காதம், மற்றொன்றில் 29 காதம் என்று கண்டிருக்கிறது. (தாவளம் என்பது வணிகர்கள் தங்கும் இடம். காதத்துக்கு ஏழு மைல் என்பாரும் உண்டு, பத்து மைல் என்பாரும் உண்டு.) எண்ணைப் பொறித்ததோடு விட்டுவிடவில்லை, கல்லில் குழிகளும் தோண்டினார்கள். பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒன்று. எழுத்துத் தெரியாத பொதிமாட்டுக்காரனும், இருட்டில் வந்தவனும் விரலால் தடவியே தூரத்தை அறிந்துகொள்ளலாம். இன்றைய போர்டுகளில் இந்தக் கரிசனம் இல்லை.

சேலம் மாவட்டம் ஆறகளூரில் கிடைத்த 'மகதேசன் பெருவழி' கல்லிலும் காஞ்சிபுரத்துக்கு 16 காதம் என்று எழுதி, 16 குழிகள் போட்டிருக்கிறார்கள்.

சித்தூர்ச் சீமைக்கும் வழியினால் வந்த பெயர் ஒன்று உண்டு. இந்தப் பக்கத்தை ஆண்ட பாணர்களின் நாட்டைப் பழைய கல்வெட்டுகள் 'வடுகவழி' என்று குறிக்கின்றன. வடுகர் என்றால் தெலுங்கர். அவர்கள் நாட்டுக்குச் செல்லும் வழி என்று பொருள். சாலையின் பெயரே ஒரு நாட்டுக்குப் பெயராக நின்றிருக்கிறது.

ரோடு அகலமாகும்போது இப்படிப்பட்ட கற்களுக்குத்தான் முதலில் ஆபத்து. ஜல்லியோடு ஜல்லியாகப் போய்விடும். தப்பினால் துணி துவைக்கும் கல்லாகவோ வாசற்படியாகவோ கிடக்கும். ரோடு வேலையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் தமிழர் கையில்தான் கடப்பாறை இருக்கிறது. எழுத்தோ வரிசையாகக் குழிகளோ உள்ள கல் தட்டுப்பட்டால், உடைக்குமுன் மேஸ்திரியிடம் காட்டி, தாசில்தார் ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லலாம். தொல்பொருள் துறைக்கு அங்கிருந்து தகவல் போகும்.